ஊர் நலத்தைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

மக்கள் நலம் மருத்துவமனையில் மட்டும் உருவாவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான 1986-ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம் தெளிவாக உரைத்தது. அதைக் கொங்கு ஊர்களில் நடைமுறைப்படுத்த டெங்குத் தடுப்பு நல்ல தொடக்கமாகும். குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறையே தண்ணீர் வரும் வீதியில், சேமிக்காதீர்கள் என்று அறிவுறுத்துவது நியாயமன்று. மாறாக, தொட்டிக்கு இறுக்கமான மூடி கிடைக்க வழிசெய்து, வாரம் ஒருமுறை நீரை வடித்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும் என்பதால், நீரை மாற்றினால் மட்டும் போதாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் காலையிலேயே கிளம்பிவிடும் பெண்களை மாலையில் சந்தியுங்கள். இவ்வேலை அவர்கள் தலையிலேயே விழக் கூடாது என்று ஆண்களிடமும் வலியுறுத்துங்கள். தண்ணீர் விநியோக இடைவெளியைக் குறைக்கக் கோரி, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.