பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் அப்கிரேட்: பணம் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய தவறுகள்

எம்ஜிபி, மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் இப்படி ஏதாவது ஒண்ணு வாங்கி கொஞ்ச நாள் ஓட்டினதும் எல்லாருக்கும் வர்ற நினைப்பு, பிரேக்கு பத்தல, பெருசா மாத்திடலாம்னு தான். உடனே நாலு பிஸ்டன் காலிப்பர் (வீலோட சுத்தற டிஸ்க் தட்டை பேடால அழுத்தி புடிக்கற பாகம்) கிட்டுக்கு ஆர்டர் போட்டுடறாங்க. மத்த தப்பு எல்லாம் இங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

எம்ஜிபி 1962ல வந்தப்பவே முன்னாடி டிஸ்க், பின்னாடி 10 இஞ்ச் ட்ரம் (உள்ள இருந்து ஷூ விரிஞ்சு புடிக்கற பிரேக்). ரோட்ஸ்டர் வெயிட்டே சுமார் ஒரு டன் தான், சாதாரண ரோட்டுல ஓட்டறதுக்கு அந்த பிரேக்கு தாராளமா போதும். டிஸ்க் பிரேக்குல பிரிட்டிஷ்காரங்க ஒண்ணும் பின்தங்கி இல்ல, 1953ல லெ மான்ஸ் ரேஸ் ஜெயிச்ச ஜாகுவார் சி-டைப்ல நாலு வீலுக்கும் டன்லப் டிஸ்க் தான் இருந்துச்சு. இன்னைக்கு உங்க வண்டி நிக்கலன்னா டிசைனை குறை சொல்ல வேண்டாம், அம்பது வருஷத்து துருவும் தேய்மானமும் தான் காரணமா இருக்கும்.

அதனால கிட் வாங்கறதுக்கு முன்னாடி முன் வீலை ஜாக்கி போட்டு தூக்குங்க, ஒருத்தரை பெடலை மிதிச்சு விட சொல்லுங்க, விட்ட உடனே வீலை கையால சுத்தி பாருங்க. இறுக்கமா சுத்துச்சுன்னா ஒண்ணு காலிப்பர் பிஸ்டன் துரு புடிச்சு நிக்குது, இல்லன்னா பிரேக் ஃப்ளூயிட் போற ரப்பர் ஹோஸ் போயிடுச்சு. இந்த ஹோஸ் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க, வெளிய பாத்தா விரிசலே இருக்காது, ஆனா உள்பக்கம் ரப்பர் உப்பி ஓட்டை அடைஞ்சு போயிருக்கும், மிதிக்கறப்ப ஃப்ளூயிட் போகும், விட்டதும் திரும்பி வராது. அப்புறம் பின் ட்ரம். எம்ஜிபில அது தானா அட்ஜஸ்ட் ஆகாது, பின்னாடி இருக்கற சதுர தலை அட்ஜஸ்டரை வீல் இறுகற வரைக்கும் திருப்பி, அப்புறம் வீல் ஃப்ரீயா சுத்தற வரைக்கும் மட்டும் தளர்த்தணும். இதை வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, பெடல் பாதி தூரம் சும்மா போகும், ஓனர் முன் டிஸ்க்கு சரியில்லைன்னு நினைச்சுட்டு இருப்பாரு. முன் வீல் பேரிங் லூஸா இருந்தாலும் இதே கதை, டிஸ்க் ஆடி ஆடி பேடை உள்ள தள்ளிடும், அடுத்த மிதி ஆழமா போகும்.

பெடல் கல்லு மாதிரி இருக்குன்னு சர்வோ போடறவங்களும் உண்டு. சர்வோ உங்க கால் போடற அழுத்தத்தை குறைக்கும், அவ்வளவு தான், வண்டி நிக்கற தூரத்தை குறைக்காது. அந்த தூரத்தை முடிவு பண்றது டயர். பிரேக் அடிச்சதும் வீல் லாக் ஆகற அளவுக்கு ஏற்கெனவே புடிக்குதுன்னா அதுக்கு மேல பெரிய காலிப்பரால ஒண்ணும் ஆகாது, பத்து வருஷத்துக்கு மேல ஆகி காய்ஞ்சு போன டயரை முதல்ல மாத்துங்க, அந்த காசுக்கு கிடைக்கற பலன் வேற எதுலயும் கிடைக்காது.

இதெல்லாம் சரி பண்ணியும் மலை ரோட்டுல, டிராக்குல ஓட்டறப்ப சூடாகி பிரேக் விட்டுப்போகுதுன்னா அப்கிரேட்டுக்கு நியாயம் இருக்கு. ஆனா காலிப்பரை மட்டும் மாத்திட்டு மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கறப்ப ஃப்ளூயிடை தள்ளற பாகம்) மறந்துடாதீங்க. பிஸ்டனோட மொத்த பரப்பு கூடினா அதை நகத்த அதிக ஃப்ளூயிட் வேணும், பழைய மாஸ்டர் அவ்வளவு தள்ளாது, பெடல் தரை வரைக்கும் போகும். இதுக்கு நேர் எதிர் கேஸ் ஃப்ராக்ஐன்னு சொல்ற முதல் ஸ்ப்ரைட் மாடல். 1958ல நாலு வீலும் ட்ரம்மோட வந்த வண்டி, அதுல மாஸ்டரோட உள் விட்டம் 7/8 இஞ்ச், பிறகு டிஸ்க் வந்தப்ப 3/4 இஞ்ச் ஆக்கினாங்க. டிஸ்க் போட்டுட்டு பழைய 7/8ஐ அப்படியே விட்டா பெடல் கடினமா இருக்கும், 3/4 போட்டா அதே மிதிக்கு சுமார் 36 சதவீதம் அழுத்தம் கூடும், பெடல் தூரமும் அதே அளவு கூடும். இன்னொண்ணு, ட்ரம்முக்குன்னு செஞ்ச மாஸ்டர்ல லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை புடிச்சு வெக்கற வால்வு ஒண்ணு இருக்கலாம், டிஸ்க் லைன்ல அது இருந்தா பேட் உரசிக்கிட்டே ஓடும்.

பின்னாடி கை வெக்கறப்ப ரொம்ப ஜாக்கிரதை. பிரேக் அடிச்சா வெயிட் முன்னாடி சாயும், பின் வீல் லேசாகிடும், அந்த நேரத்துல பின்னாடி பெரிய வீல் சிலிண்டர் (ட்ரம் ஷூவை தள்ளற பாகம்) இருந்தா பின் வீல் முதல்ல லாக் ஆகும், ஸ்ப்ரைட், மிட்ஜெட் மாதிரி குட்டை வண்டி ஈர ரோட்டுல கண் சிமிட்டறதுக்குள்ள சுத்திடும். பின்னாடி டிஸ்க் போடறது ரோட் காருக்கு தேவையே இல்லைங்கறது என் கருத்து, ஹேண்ட்பிரேக்கும் சரியா புடிக்காம தொல்லை குடுக்கும். ஜாகுவார் ஈ-டைப் வெச்சிருக்கறவங்களுக்கு வேற மாதிரி பிரச்சனை, பின் டிஸ்க் டிஃபரென்ஷியலை (ரெண்டு பின் வீலுக்கும் சக்தியை பிரிச்சு குடுக்கற கியர் பெட்டி) ஒட்டி உள்ள இருக்கு, சீல் கசிஞ்சா எண்ணெய் நேரா டிஸ்க்குல படும், அப்ப எந்த பேட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

மாட்டறப்ப நடக்கற தப்புல மோசமானது மரை குழப்பம். பழைய வண்டில பைப் நட்டு பெரும்பாலும் 3/8 இஞ்ச் யுஎன்எஃப் (இஞ்ச் கணக்கு மரை), புது காலிப்பர்ல 10 மிமீ மெட்ரிக் இருக்கலாம். பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும், 3/8 நட்டு 10 மிமீ ஓட்டைல போயும் போகும், கொஞ்சம் இறுகின மாதிரியும் தெரியும், ஒரு நாள் நல்லா அழுத்தி மிதிக்கறப்ப பிச்சுக்கிட்டு வந்துடும். பைப் முனையோட வடிவமும் எதிர்ல இருக்கற சீட்டும் ஒத்துப்போகுதான்னும் பாருங்க. காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டினா ப்ளீட் நிப்பிள் (லைன்ல இருக்கற காத்தை வெளிய விடற திருகு) கீழ வந்துடும், காத்து மேல தான் தங்கும், நாள் பூரா ப்ளீட் பண்ணாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும், நிப்பிள் மேல இருக்கணும். வயர் வீலா இருந்தா ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் நடுவுல இடம் இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஹோஸ் எங்கயும் உரசுதா, முறுக்கிக்குதான்னும் பாக்கணும்.

ஃப்ளூயிட்ல டாட் 5ங்கறது சிலிக்கான், டாட் 4, டாட் 5.1 ரெண்டும் கிளைக்கால். நம்பரை பாத்து 5ம் 5.1ம் ஒண்ணுன்னு நினைச்சு கலந்துடாதீங்க. கிளைக்கால் பெயிண்டை உரிச்சுடும், சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. ரேஸ் பேட் ரோட்டுக்கு வேண்டாம், சூடேறாம அது புடிக்காது, காலைல வீட்டை விட்டு கிளம்பி வர்ற முதல் சிக்னல்லயே அது தெரியும்.

பிரிட்டன்ல இருக்கறவங்க மாத்தினதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி சொல்லிடுங்க. முதல் ஓட்டத்துக்கு ஆள் இல்லாத ரோடா பாத்து மெதுவா பல தடவை பிரேக் அடிச்சு பேடை படிய விடுங்க, திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஜாயிண்டையும் காய்ஞ்ச துணியால தொடச்சு ஈரம் ஒட்டுதான்னு பாருங்க, அடுத்த நாளும் ஒரு தடவை தொடச்சு பாருங்க.