கிட்னி வருத்தக்காரருக்கு மீன் குழம்பு: நான் வைக்கிற முறை

அப்பாக்கு கிட்னி வருத்தம் எண்டோன்ன வீட்டில முதல் நிப்பாட்டினது மீன்தான். ஆனா கிளினிக்கில நியூட்ரிஷனிஸ்ட் மீனை விடச் சொல்லேல்ல, அளவையும் உப்பையும்தான் பாக்கச் சொன்னவ. இது டயலிசிஸ் செய்யாத ஆக்களுக்கு எழுதுறது, டயலிசிஸ் எண்டால் புரதம் கூடத் தேவை, அந்தக் கணக்கு வேற.

மீன் வெள்ளவத்தை மார்க்கெட்டில பச்சையா வாங்குங்கோ, பாரை, விளைமீன், அறக்குளா எது எண்டாலும் சரி. முள்ளோட சப்பிச் சாப்பிடுற நெத்தலி, சாளையில பொஸ்பரஸ் கூட, கிட்னி ஏலாட்டி பொஸ்பரசும் பொட்டாசியமும் சரியா வெளியேறாமல் உடம்பில தங்கிடும். ஃபுரோசன் பக்கெட் எண்டால் பின்பக்கம் வாசிச்சுப் பாருங்கோ, பொஸ்பேட் எண்டு எந்தப் பேரில இருந்தாலும் கடையிலயே விட்டிட்டு வாங்கோ, சேர்த்த பொஸ்பேட் மீனில இயற்கையா இருக்கிறதை விடக் கூடுதலா உடம்பில சேரும். கருவாடு, மாசி, ஜாடி (உப்பும் கொறக்காப்புளியும் போட்டு ஊறவைச்ச மீன்) பற்றிக் கேக்கவே வேண்டாம்.

அடுத்தது நிறுக்கிறது. கண்மட்டம் சரிவராது, டிஜிட்டல் தராசு ஒண்டு வாங்குங்கோ, முள்ளு தோல் எடுத்த பிறகு நிறுங்கோ. பச்சை மீன் 100 கிராமில கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 இல இருந்து 48 கிராம் எண்டு சொல்லியிருந்தால் சோறு, பருப்பிலயும் புரதம் இருக்கெண்டு யோசிச்சு ஒரு நேரத்துக்கு 60, 70 கிராம் துண்டோட நிப்பாட்டலாம். உங்கட அளவை டொக்டரிட்டக் கேளுங்கோ.

சின்னத் துண்டா வெட்டி வெறும் தண்ணில அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணியை ஊத்திடுங்கோ, பொஸ்பரசும் பொட்டாசியமும் கொஞ்சம் போயிடும். அம்மா ருசி போயிடும் எண்டு முணுமுணுப்பா, உண்மைதான், அதுக்குத்தான் தாளிதம்.

இனித்தான் முக்கியமான இடம், புளி. பிலிங் (பிலிம்பிக்காய்) போட்டு மீன் வைக்கிற வீடுகள் கவனம்!! பிலிங்கிலயும் காமரங்காவிலயும் (நட்சத்திரப்பழம்) ஒக்சலேட் எண்ட பொருள் கூட, கிட்னியை நேரடியாத் தாக்கும், காமரங்கா மூளையையும் பாதிக்கும், ரெண்டும் வேண்டவே வேண்டாம். பழப்புளி, தக்காளியில பொட்டாசியம் கூட. கொறக்காவை (குடம்புளி) உப்புப் போட்டும் காய வைக்கிறவை, அதால நல்லாக் கழுவி ஒரு சின்னத் துண்டு மட்டும். நான் அடுப்பை நிப்பாட்டினாப் பிறகு தேசிக்காய் விடுறனான், அது எல்லாத்தையும் விட நல்லம்.

மண்சட்டில கொஞ்ச எண்ணெய், சின்ன வெங்காயம், உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, வீட்டில வறுத்த தூள், மிளகு. தேங்காய்ப்பால் ரெண்டாம் பால், அதுவும் கொஞ்சம், குழம்பைத் தண்ணியா வைக்காமல் பிரட்டலா எடுங்கோ, அப்பத்தான் சோத்தில ஊத்திக் குழைச்சு அடிக்க ஏலாது. உப்பு முழு நாளுக்கும் 5 கிராம்தான், சட்டில போடாமல் தட்டில தூவினால் குறைவாவே காணும்.

பிறகு சேர்த்தது: லோ சோடியம் உப்புப் பாவிக்கலாமோ எண்டு கனபேர் கேட்டிருக்கிறீங்கள். அதில கனக்கப் பொட்டாசியம் குளோரைட்தான், டொக்டரைக் கேக்காமல் தொடாதேங்கோ. ரின் மீன் எண்டால் ரின்னுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய ஊத்திட்டு, நடுமுள்ளை எடுத்து, ரெண்டு தரம் கழுவி, எப்பவாவது.