பார்த்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?
கொழும்பு வெள்ளவத்தை சவோய் திரையரங்கில் படம் முடிந்து காலி வீதிக்கு வந்ததும் "நல்ல படம்", "சரியில்லை" என்று முடித்துவிடாமல், மனத்தில் தங்கிய ஒரு காட்சியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அது தங்கியதற்குக் காரணம் நடிப்பா, ஒளிப்பதிவா, வசனமா, பின்னணி இசையா என்று பிரித்துப் பார்த்தாலே உங்கள் கருத்துக்குப் பாதி வடிவம் வந்துவிடும். கதையை முழுவதும் ஒப்புவிக்க வேண்டாம். இடைவேளைக்குப் பிந்திய திருப்பங்களை, இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கட்டாயம் மறைத்துவிடுங்கள்.

இலங்கைத் தமிழ் இரசிகர்களான எங்களுக்கென்று தனியான ஓர் அளவுகோலும் உண்டு. தமிழகப் படமொன்றில் இலங்கைத் தமிழர் பாத்திரங்களாக வந்தால், அவர்கள் யாழ்ப்பாணத்தவரா, மட்டக்களப்பாரா, மலையகத்தவரா என்பதற்கேற்பப் பேச்சு வேறுபடுகிறதா என்று கவனியுங்கள்; எல்லோரையும் ஒரே தொனியில் பேசவைக்கும் படத்தை, உணர்ச்சிக் காட்சிகள் எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும், நான் முழுமையாகப் பாராட்டுவதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு இயக்கி, 1977 இல் வெளிவந்த 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

சிங்களப் படத்தை உபதலைப்புகளின் துணையோடு பார்த்திருந்தால், அதன் வசனத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அந்த மொழி நன்கு தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டறியுங்கள்.