உறைந்த ஏரியில் சோனார்: கெயின் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தவருக்குக் கீழே மீன் இருக்கிறதா இல்லையா என்று எந்த சோனாரும் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியைக் காட்டும் கருவி) சொல்லிவிடும், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வந்த மீன் உங்கள் ஜிக்கை (எடை பதித்த தூண்டில் முள்) பார்த்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு காசு கொடுக்கிறோம். டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐஸ் எவ்வளவு கனம் என்று இந்தக் கருவி சொல்லாது. கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடங்கள். தெளிந்த ஐஸ் 15 செ.மீ.கூட இல்லையென்றால் திரும்பிவிடுங்கள், வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி பலம்தான்.

புதிதாக வாங்குபவர்கள் மீனைப் படமாகவே காட்டும் லைவ் சோனாருக்கு நேராகப் போகாமல் ஒரு ஃபிளாஷரில் தொடங்குவது நல்லது. வட்டமான முகப்பில் வண்ணக் கோடுகள் மட்டும்தான் தெரியும், ஆனால் ஜிக்கை அசைத்த அதே நொடியில் கோடும் அசையும். ஏரியின் அடித்தளம் தடித்த சிவப்புப் பட்டையாக இருக்கும், அதற்கு மேலே மெல்லிய கோடாக உங்கள் ஜிக், இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்று முளைத்தால் அது மீன். எதிரொலி பலமாக வந்தால் சிவப்பு, பலவீனமாக வந்தால் பச்சை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது: சிவப்பு என்றால் பெரிய மீன் என்று அர்த்தமில்லை, துளைக்கு நேர் கீழே இருக்கிறது என்றும் இருக்கலாம். ஒலி பரவும் பகுதியின் ஓரத்தில் நிற்கும் பெரிய லேக் டிரவுட் மீன்கூட மெல்லிய பச்சைக் கோடாகத்தான் தெரியும்.

ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரை ஐஸின் அடிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, சாயாமல் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் கெயின், அதாவது திரும்பி வரும் எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அமைப்பு. அதைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு ஜிக்கை அடித்தளத்துக்கு ஓரடி மேலே நிறுத்தி, ஜிக் மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் ஜிக்கும் சிவப்பு, பாசியும் சிவப்பு, பக்கத்தில் வந்த பெர்ச் மீனும் சிவப்பு, எது எதுவென்று பிரித்துப் பார்க்கவே முடியாது. சிம்கோவின் குக்ஸ் விரிகுடா ஆழமில்லாத, செடி மண்டிய இடம், அங்கே கெயின் குறைவாகவே போதும். அதே ஏரியின் கெம்பென்ஃபெல்ட் விரிகுடா 40 மீட்டர் வரை இறங்குகிறது, அங்கே கூடுதலாக வேண்டியிருக்கும். ஜிக்கை மாற்றினாலோ இடம் மாறினாலோ மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி கூம்பாக விரிந்துகொண்டே இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகலத்தைப் பார்க்கும், 9 டிகிரி கூம்பு ஒன்றரை மீட்டர்தான். கூட்டமாக உட்காரும்போது பக்கத்துக் கருவியின் ஒலியும் கலந்து திரை முழுக்கக் கோடுகள் சுற்றும். குறுக்கீட்டைத் தடுக்கும் பொத்தான் இருக்கும், திரை தெளியும் வரை ஒவ்வொரு நிலையாக அமுக்கிப் பாருங்கள். சரிவான அடித்தளத்தில் இன்னொரு தொல்லை: தரையை ஒட்டி நிற்கும் மீன் அந்தச் சிவப்புப் பட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

சரி, மீன் வந்துவிட்டது, என்ன செய்வது? பெர்ச் என்றால் ஜிக்கை ஒரு சாண் மெதுவாக உயர்த்துங்கள், கோடு பின்னாலேயே ஏறினால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள், நின்றுவிட்டால் நீங்களும் நிறுத்தி லேசாக நடுங்க மட்டும் விடுங்கள். லேக் டிரவுட் அப்படியில்லை. அடியிலிருந்து சர்ரென்று ஏறி வரும் கோட்டைப் பார்த்ததும் விறுவிறுவென்று சுற்றி மேலே இழுக்க வேண்டும், தப்பி ஓடும் இரையைத்தான் அது துரத்தும், பயந்து நிறுத்தினீர்களோ அதுவும் திரும்பிப் போய்விடும்.

2018-இல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் போன்றவை மீன் நீந்துவதையே படமாகக் காட்டுகின்றன. ஆனால் அது பார்ப்பது தண்ணீரின் ஒரு மெல்லிய துண்டை மட்டும்தான், அதனால் டிரான்ஸ்டியூசர் மாட்டிய கம்பியை மெதுவாகத் திருப்பித் தேட வேண்டும். மீன் கூட்டம் தெரிந்த திசையையும் தூரத்தையும் பார்த்து அங்கே போய் அடுத்த துளையைப் போடுங்கள். அதை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே திரையை வேடிக்கை பார்ப்பதற்கு வீட்டில் டிவி இருக்கிறது.

மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் ஒலிதான் திரையில் அவ்வளவு பலமாகத் தெரிகிறது. 10 மீட்டருக்கும் கீழிருந்து இழுத்த பெர்ச்சுக்கு அந்தப் பையே உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். எனவே வேண்டிய அளவு பிடித்தாயிற்று என்றால் ஆழத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

குளிரில் ஈய பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோகும், லித்தியம் அயன் பாஸ்பேட் எடை குறைவு, நீடித்தும் வரும். வீட்டுக்கு வந்ததும் அதைச் சார்ஜில் போட அவசரப்படாதீர்கள். சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்கள் கெட்டுப்போகும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு செருகினால் போதும்.