எஸ்யூவிக்கு ரிம், டயர் அளவு பார்ப்பது எப்படி?

எஸ்யூவி வாங்கிய சில மாதங்களிலேயே, 17 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 18 அங்குல அலாய் வீல் போட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. ஆனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள வாகன உதிரிபாகக் கடைகளுக்குக் கிளம்புவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதில் 215/60 ஆர்17 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ. ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. இதனுடன் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 690 மி.மீ. ரிம்மை மாற்றினாலும் இந்த விட்டம் இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பதே நான் கடைப்பிடிக்கும் எல்லை. 18 அங்குலத்தில் 235/50 போட்டால் 692 மி.மீ. வருகிறது; பொருந்தும். 235/55 போட்டாலோ 716 மி.மீ. ஆகிவிடும், ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே வேகத்தைக் காட்டும்போது வண்டி ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசவும் கூடும்.

விட்டம் பொருந்தினாலும் பக்கச்சுவர் 129இலிருந்து 117.5 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். பக்கச்சுவர் குறைந்தால் பள்ளத்தின் அடியைத் தாங்கும் மெத்தையும் குறைகிறது. சென்னையில் இதுதான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அடியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு பள்ளத்தில் என் வண்டியின் 18 அங்குலச் சக்கரம் இறங்கியபோது, ரிம்மின் உட்புற விளிம்பு நசுங்கியது. மறுநாள் காலையில் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய டயரைப் பஞ்சர் போட்டுச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே, நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு நிறுவனம் கொடுத்த ரிம் அளவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பிசிடி (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்), ஹப் துளை (ரிம்மின் நடுத் துளை), ஆஃப்செட் (ரிம் ஹப்பில் பதியும் பரப்புக்கும் ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்) ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். அளவுக்குப் பக்கத்தில் 96ஹெச் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. பழைய டயரில் இருந்ததைவிட இவை குறையவே கூடாது. பக்கச்சுவரில் 2324 என்று அச்சிட்டிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பழைய இருப்பை வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதால், காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பொருத்திய பிறகு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, உரசும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.