ஒளிப்படங்களையும் கணக்கில் கொண்டு திருமண நாளைத் திட்டமிடுவது எப்படி?

திருமண நாளுக்கான நேர அட்டவணையை எழுதத் தொடங்கும்போது, சடங்கு தொடங்கும் நேரத்தையும் அன்று சூரியன் மறையும் நேரத்தையும் முதலில் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒளி பக்கவாட்டிலிருந்து மென்மையாக விழுவதால், மணமக்கள் இருவரை மட்டும் படமெடுக்க அதில் 30 நிமிடங்களையாவது ஒதுக்குங்கள். உச்சி வெயிலில் கண்களுக்குக் கீழே நிழல் படியும்.

அதிக நேரத்தை விழுங்குபவை குடும்பக் குழுப் படங்கள்தான். ஒரு குழுவுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலே, 12 குழுக்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். எந்தப் படத்தில் யார் யார் என்பதை முன்பே எழுதி, உறவினர்களை முகம் பார்த்தே அடையாளம் காணக்கூடிய ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். முன்பின் அறியாதவர்களைத் தேடி ஒளிப்படக் கலைஞரை அலையவிடுவது நியாயமன்று. நெடுநேரம் நிற்க இயலாத முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் முதலில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

அலங்காரம் பெரும்பாலும் தாமதமாகும் என்பதால், அது முடியும் நேரத்தை உண்மையில் தேவைப்படுவதற்கு 30 நிமிடம் முன்னதாகவே குறியுங்கள். அலங்கார நாற்காலியைச் சன்னலோரமாகத் திருப்பிப் போட்டு, அறை விளக்குகளை அணைத்துவிட்டால், முகத்தில் மஞ்சள் நிறம் ஏறாது. மோதிரங்களையும் அழைப்பிதழையும் ஒரே தட்டில் எடுத்து வையுங்கள்; அவற்றைத் தேடும் வேளையில்தான் காலைப் பொழுது கரைகிறது.

ஒளிப்படக் கலைஞரும் காணொளிக் கலைஞரும் சாப்பிடும் நேரத்தையும் அட்டவணையில் எழுதுங்கள்.