புயலுக்குப் பின் ஊரைக் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர் பக்கம் வீடு கட்டித்தரக் கிளம்பிய இளம் பொறியாளர்கள் சிலர் தங்கள் வரைபடங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். பிரித்துப் பார்த்தால், சுனாமிக்குப் பின் 2005-இல் நாகப்பட்டினக் கரையோரத்தில் எங்கள் தலைமுறை வரைந்த அதே தாள்கள். 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம். அன்றைக்கு அவசரம் இருந்தது. இருபது ஆண்டு கழித்தும் அதே பிழைகள் வந்தால் எரிச்சல்தான் வருகிறது.

கலவை விகிதம், கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம், கடல் மணல் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை தெரியாதவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

பேஸ்மட்டத்தைக் காலடி மண்ணிலிருந்து அளப்பது

"தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி" என்று பேஸ்மட்டத்துக்கு, அதாவது வீட்டுத்தரையின் உயரத்துக்கு, எல்லா வரைபடங்களிலும் எழுதியிருக்கிறது. எந்தத் தரை? வயலின் பழைய தரையா, அதன் மேல் கொட்டிய சவுடு மண்ணா, நாளைக்கு வரப்போகும் சாலையா? இதற்குப் பதில் இல்லாத வரைபடத்தை நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

மறுகுடியமர்வுக்கு ஊரின் நல்ல மேட்டை யாரும் விற்பதில்லை. கிடைப்பது பள்ளக்கால் வயல்தான். நாகைக்குத் தெற்கே அப்படி ஒரு நிலத்தில் எழுந்த குடியிருப்பை எனக்கு நன்றாகத் தெரியும். கோடையில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார்கள். அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கியிருக்க வேண்டும். ஒரே வீச்சில் நிரவிவிட்டார்கள். அந்தப் புது மண்ணிலிருந்து இரண்டரை அடி அளந்து பேஸ்மட்டம் கட்டினார்கள். அடுத்து வேறொரு அலுவலகத்திலிருந்து சாலை போட வந்தார்கள். அவர்கள் கையில் அவர்களுடைய வரைபடம். ஜல்லியும் தாரும் ஏறிய பிறகு சாலையின் நடுமேடு முன்வரிசை வீடுகளின் வாசற்படிக்குச் சமமாக நின்றது. ஐப்பசி மழையில் கொட்டிய மண் அமுங்கியது; பின்வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அது வெளியேறவும் வழியில்லை. நிலத்தின் ஓரமாகப் போன வடிகால் வாய்க்காலின் குறுக்கே சுற்றுச்சுவர் எழுப்பி, அடியில் ஒரு குழாயை மட்டும் பதித்திருந்தார்கள். கட்டையும் குப்பையும் வந்து அது முதல் வாரத்திலேயே அடைத்துக்கொண்டது. அந்த வயலில் நடவு வேலை செய்த மூதாட்டி ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி சொன்னார்: "நாற்று அழுகும் வயல் தம்பி இது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே."

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கையில் காசிருந்தவர்கள் வாசலை உயர்த்தினார்கள், முற்றத்தில் மண்ணடித்தார்கள். அவர்கள் வாசலில் நின்ற தண்ணீர் காசில்லாதவர்களின் வீட்டுக்குப் போனது. அவர்களும் கடன் வாங்கி உயர்த்தினார்கள். ஒரே தெருவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பத்து மட்டங்கள். ஒரு புயலுக்கு ஒன்றாக ஓடியவர்கள் ஒவ்வொரு மழைக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சென்னையில் இப்போது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அந்தச் செலவு இலவச வீட்டில் குடியிருப்பவரால் ஆகிற காரியமா?

வெள்ளம் வடிந்த முதல் வாரத்திலேயே ஊருக்குள் போங்கள். சுவர்களில் சேற்றுக்கறை கோடாகத் தெரியும். வெள்ளையடிப்பதற்குள் அதன் மேல் பெயின்ட் குறி வைத்துவிடுங்கள். நாகைப் பக்கமாக இருந்தால் 1977 புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டில் உயர்ந்ததை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, அசையாத ஓரிடத்துக்குக் கொண்டுபோங்கள்: கோயில் படி, மதகுச் சுவர், பழைய பள்ளிக்கூடத்தின் தூண். அங்கிருந்துதான் எல்லா அளவும். வீட்டுத்தரை அந்தக் குறிக்கு மேலே. சாலையின் நடுமேடு வீட்டுத்தரைக்குக் குறைந்தது ஒன்றரை அடி கீழே. வடிகாலின் அடிமட்டம் சாலைக்கும் கீழே. வாய்க்காலில் ஆரம்பித்து வீட்டில் முடிகிற வரிசையில் வேலை நடக்க வேண்டும். நம்மூரில் தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் வாய்க்காலுக்குத் திறப்பு விழா கிடையாது.

டெல்டாவின் கடைமடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால், அல்லது முகத்துவாரம் மணலடித்து மூடிக்கிடந்தால், வடிகால் சரியாக இருந்தும் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். ஆகவே "எவ்வளவு உயரம்" என்பதோடு "எத்தனை நாள்" என்றும் விசாரியுங்கள். மண் சுவரும் சரியாக வேகாத செங்கலும் ஒரு நாள் தண்ணீரைத் தாங்கினாலும் ஐந்து நாள் தாங்காது.

சாலை விஷயத்தில் ஒரு பிடி உங்கள் கையில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் உத்தரவிட்டது. அதன் நகலை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவையுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்தான், உங்களுக்கும் தெரியும் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

கூரைக்கு மேல் பாரம் வைப்பது

காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை. மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கிறது. கதவோ ஜன்னலோ பிய்த்துக்கொண்டு போனால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்த பிறகு போய்ப் பார்த்தேன். மணல் மூட்டை வைத்த தகரங்கள் பக்கத்துத் தோப்பில் கிடந்தன, மூட்டைகள் வீட்டுக்குள் விழுந்திருந்தன. தகரம் சட்டத்தோடும், சட்டம் சுவருக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டையோடும், பட்டை கம்பி வழியாக அஸ்திவாரத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். ஓர் இணைப்பு விட்டாலும் மற்றவை வீண். கொக்கி போல்ட்டுகளை ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கிப் போடுங்கள். பிய்வது அங்கேதான் தொடங்கும். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும் கட்டுவது

மேற்கே நகரும் புயலின் கண் உங்கள் ஊரைக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கொஞ்சம் ஓயும், பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். நான்கு சுவருக்கும் ஒரே பலம் கொடுங்கள்.

மரங்கள்

புல்டோசர் வருவதற்கு முன்பே, வெட்டக்கூடாத மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள்.

கழிப்பறை

வெள்ளக்குறிக்குக் கீழே கோப்பையைப் பதித்தால் தண்ணீர் ஏறும் நாளில் அது ஊற்றாகிவிடும்.

வீட்டை மட்டும் இடம் மாற்றுவது

சுனாமிக்குப் பின் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அதற்கு அப்பால் புது வீடு என்றது அரசு. சரிதான். ஆனால் வலையும் இன்ஜினும் எங்கே இருக்கும்? அதற்கு இடம் விடாத திட்டங்களில் கடலோரத்தில் மறுபடி கொட்டகை முளைத்தது, காவலுக்கு ஆள் அங்கேயே படுத்தார். வலைக்கூடமும் ஏலத்தளமும் இல்லாத மீனவர் குடியிருப்பு வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புயல் பாதுகாப்பு மையங்களும் அப்படித்தான். ஆடுமாடுக்கு இடமில்லையென்றால் ஆட்களும் வர மாட்டார்கள். வங்கதேசத்தில் கால்நடைக்கென்றே மண்மேடு எழுப்புகிறார்கள்.

கணக்கை முடிப்பது

சாவி கொடுக்கும் விழா எப்போதும் கோடையில்தான் நடக்கும். எந்தக் கூரையும் ஒழுகாத, எந்தத் தெருவிலும் தண்ணீர் நிற்காத மாதங்கள். நடக்கட்டும், கைதட்டுங்கள். ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்திருக்கும் பிடித்தத் தொகையை மட்டும் அடுத்த கார்த்திகை முடியும்வரை விடுவிக்காதீர்கள்.